நடுவில் இருந்த நாடு

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கஜந்தியின் பாஸ்போர்ட் தூதரகத்திலிருந்து வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலை அவள் பாரிஸுக்கு விமானம் ஏற வேண்டும்.

துபாயின் அல் கூஸில் கான்கிரீட் கட்டிகளை உடைத்து வலிமை பார்க்கும் ஆய்வுக்கூடம் அது. அங்கே வேலை செய்கிற எல்லோருடைய பாஸ்போர்ட்டும் நிர்வாக அதிகாரி விஜயபாஸ்கரின் இரும்பு அலமாரிக்குள் இருக்கும். லீவுக்குப் போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். விசாவை ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. விமான நிலையம் வரை போய்த் திரும்பி வந்தவர்களை அவருக்குத் தெரியும்.

போகிற வழியைச் சொல்லச் சொன்னார். கஜந்தி மெல்லிய குரலில் சொன்னாள். பாரிஸில் அண்ணன் தயாபரன் இருக்கிறார். அவருடைய காரில் ஜெர்மனி போய் ஸ்டுட்கார்ட்டில் பெரியம்மா வீடு. அங்கிருந்து சுவிட்சர்லாந்தில் லுசேர்ன். பிறகு மிலானில் மாமா வீடு. கடைசியில் மறுபடியும் பாரிஸ்.

“சுவிஸுக்குத் தனி விசா வாங்கிட்டீங்க, சரி. ஆனா பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலிக்கெல்லாம் சேத்துக் குடுத்த இந்த ஷெங்கன் விசாவுல ஒரே என்ட்ரிதானம்மா போட்டிருக்கு,” என்றார் விஜயபாஸ்கர். “சுவிஸ் இன்னும் ஷெங்கன்ல சேரலையே, அதுக்குள்ள கால வச்சா வெளிய போன கணக்கு. அதுக்கப்புறம் இத்தாலிக்குள்ள எப்படி விடுவான்?”

எத்தனை முறை நுழைவு என்ற கட்டத்தில் ஒன்று என்று குறித்தது அவளேதான். வரைபடத்தில் அந்த நாட்டைச் சுற்றிலும் மற்ற நாடுகள் இருந்தன. நடுவில் இருக்கிற இடத்துக்குப் போவது வெளியே போவதாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதமாகக் கிலோமீட்டர், மணித்தியாலம், இரவுத் தங்கல் எல்லாம் கூட்டிக் கூட்டிப் பார்த்தவள். அந்த ஒரு கட்டத்தை யோசிக்காமல் நிரப்பிவிட்டாள்.

விஜயபாஸ்கருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சுவிஸைக் கடைசியில் வைத்துக்கொண்டு சூரிச்சிலிருந்தே துபாய்க்கு ஏறிவிடலாம், டிக்கெட்டை அவரே பேசி மாற்றித் தருவார். ஐந்து மணிக்குள் சொன்னால் போதும், நாளைக்கு வெள்ளிக்கிழமை, விடுமுறை.

“ஊரு சுத்தத்தானம்மா போறீங்க? எதை முதல்ல பாத்தா என்ன?”

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் எல்லாமே இருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

லுசேர்னில் இருப்பது அம்மா. தயாபரன் ஆறு வருடத்துக்கு முன் இலங்கை மலையகத்தில் பதுளைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் வள்ளிநாயகியைக் கட்டியபோது, தோட்டக்காட்டுப் பெண் தன் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சொன்ன அம்மா. அன்றிலிருந்து அண்ணன் அம்மாவோடு கதைத்ததில்லை. மூன்று வயதுப் பேத்தியை அம்மா படத்தில்கூடப் பார்த்ததில்லை. வருகிற இருபத்து நான்காம் தேதி அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன்.

குடும்பமாக ஒரு சுற்று வருவோம் என்று கஜந்தி கேட்டபோது தயாபரன் சம்மதித்தார். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மிலானுக்குப் போகிற வழியில் லுசேர்ன் வந்தது. வழியில் வருகிற ஊர் என்றபடியால் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த ஊர் வழியில் இல்லை. அதற்கென்றே போக வேண்டும்.

படிக்கட்டில் நின்று போன் எடுத்தாள். சொல்லி முடிக்கும் வரை அண்ணன் குறுக்கிடவில்லை.

“அப்ப ஸ்டுட்கார்ட்டில இருந்து சுவிஸைத் தொடாம ஒஸ்ரியாவுக்குள்ளால மிலானுக்குப் போவம்,” என்றார். “அங்க உன்னை ரயில் ஏத்தி விடுறன். மூண்டு நாலு மணித்தியாலத்தில லுசேர்னில நிப்பாய். நாங்க அங்கயிருந்து நேரா வீட்ட வந்திடுவம்.”

கீழே இயந்திரத்தில் ஒரு கட்டி உடைந்த சத்தம் கேட்டது. சரி அண்ணா என்று சொல்வது எவ்வளவு சுலபம். வீட்டில் எல்லோருக்கும் எப்போதும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

“இல்லை அண்ணா. நீங்க வராட்டி நானும் வரேல்லை.”

“விசர்க் கதை கதைக்காத. ரெண்டு மாசமா நாளெண்ணினனீ.”

“உங்களுக்காகத்தான் எண்ணினனான்.”

துண்டித்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அம்மா சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்ன ஒன்று அவளிடம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டாள்.

“போன கிழமை அம்மா என்னட்ட ஒண்டு கேட்டவ. பிள்ளை இடியப்பம் தின்னுமோ, இல்லாட்டிப் பிரெஞ்சுப் பிள்ளையளைப் போலப் பாண்தானோ எண்டு.”

“எந்தப் பிள்ளை?”

“உங்கட பிள்ளை அண்ணா. வேற ஆர்?”

பாரிஸில் யாரோ கதிரையை இழுக்கும் ஓசை கேட்டது. பிறகு வள்ளிநாயகியின் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“கஜந்தி, இடியப்பம் திங்கும். ஒறப்பு மட்டும் ஆகாதுன்னு சொல்லிருங்க,” என்றாள். “என்னைய உள்ளுக்கு வரச் சொல்லலதானே?”

கஜந்திக்குப் பொய் சொல்ல வரவில்லை. “இன்னும் சொல்லேல்லை அண்ணி.”

“சரி. வாசலுக்கு வந்து பாத்துக்கிறேன். இவரு ஓட்டலேன்னா நான் ஓட்டுறேன். லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருசமாச்சு, இன்னும் இவரு சாவியக் கையில குடுக்க மாட்டேங்கிறாரு.”

அண்ணன் தூரத்திலிருந்து ஏதோ சொன்னார், விளங்கவில்லை. வள்ளிநாயகியும் தணிந்த குரலில் ஏதோ பதில் சொன்னாள். கஜந்தி சுவரில் சாய்ந்து நின்றாள். நாலு மணி நாற்பதுக்கு விஜயபாஸ்கர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

கடைசியில் தயாபரன் போனை வாங்கினார். கோபமாக இருக்கும்போது பேசுவதுபோலவே பேசினார்.

“சுவிஸுக்குப் போற வழியில கோட்ஹார்ட் சுரங்கத்தில சனிக்கிழமைகளில சரியான நெரிசல். மணிக்கணக்கா நிக்க வேண்டி வரும். பிள்ளையை வச்சுக்கொண்டு ஏலாது. மிலானில இருந்து வெள்ளிக்கிழமை விடியவே வெளிக்கிட வேணும்.”

“ஓம் அண்ணா.”

“எழுது.”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் பயணத் திட்டத் தாளை வைத்து, மிலானில் ஓர் இரவைக் கோடிட்டு அடித்தாள்.