இடப்பக்கச் சங்கிலி

வெற்றி என்ற இளைஞன் பழைய ராணுவ வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததைப் பிரதாபன் பார்க்காத மாதிரி நின்றார். பார்த்தால் வயிறு எரிந்தது. பார்க்காவிட்டாலும் எரிந்தது.

வண்டி இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. டாங்கிக்குத் தம்பி மாதிரி இருக்கும். மேலே கூரை இல்லை, சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சங்கிலி. ஏதோ ஒரு பண்ணையில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்ததைக் கிரெக் என்ற வெள்ளைக்காரர் கிளென் ஈடனில் இருக்கும் தன் ஷெட்டுக்கு இழுத்து வந்து, அதைப் பழுதுபார்க்கச் சம்பளமில்லாமல் ஆள் சேர்த்தார். நகரின் மறுகோடியான மனுரேவாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் பிரதாபன் மூன்று வருடமாக ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

"சண்டைக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டு, இஞ்ச சண்டை வண்டிக்கு எண்ணெய் பூசுறியள்," என்று மனைவி ரதிதேவி வாராவாரம் குத்திக் காட்டுவாள்.

"வண்டி ஓடுற அண்டைக்கு வந்து பாரும். நான்தான் ஓட்டுவன்," என்பார் இவர். அந்த ஒரு நாளுக்காகத்தான் மூன்று வருடம்.

வெற்றி ஷெட்டில் சேர்ந்து எட்டு மாதம்தான். கரூர்க்காரன், பிளாட் புஷ்ஷில் வீடு, ஐடி வேலை. வந்த புதிதில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்றுகூடத் தெரியாது.

போன மாதம் கிரெக், வெள்ளோட்டத்தன்று யார் ஓட்டுவது என்று முடிவுசெய்ய, இரண்டு பேரையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பழைய கியர் பெட்டி, கிளட்சை இரண்டு தரம் மிதித்தால்தான் கியர் விழும். இருபது வருடம் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிய பிரதாபனின் காலுக்கு அது பிடிபடவில்லை. மூன்று தரமும் உள்ளே பல்லோடு பல் உரசிக் கத்தியது. வெற்றி ஏறினான். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

"எங்கப்பாவோட டிராக்டரும் இதே மாதிரிதாண்ணா," என்று இளித்தான்.

வெற்றியே ஓட்டட்டும் என்று கிரெக் அங்கேயே சொல்லிவிட்டார். பிரதாபன் பாதியில் விட்டிருந்த வேலைக்குத் திரும்பிக் குனிந்தார். கை ஓடவில்லை. செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், தலையிடி என்று படுத்துக்கொண்டார்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. சங்கிலியின் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஆணி செருகியவர், உடனே பக்கத்தில் தனக்கென்று ஒதுக்கிய நிறத்தில் ஒரு பெயின்ட் புள்ளி வைக்க வேண்டும். அதன் பிறகு ஆணி கழலாமல் முனையில் பூட்டுக் கம்பி மாட்ட வேண்டும். பிழை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே. பிரதாபனுக்கு மஞ்சள், வெற்றிக்கு நீலம். வலப்பக்கச் சங்கிலி இவருடையது, இடப்பக்கம் அவனுடையது.

இன்று ஊரார் முன் வெள்ளோட்டம். காலையில் வண்டியைச் சுற்றி வந்தபோது இடப்பக்கத்தில் ஓர் ஆணிக்குக் கம்பி இல்லாததைப் பிரதாபன் கண்டார். ஆணி அரை விரல் அளவுக்கு வெளியே வந்திருந்தது. புள்ளியைக் கிரீஸும் சேறும் மூடியிருந்தன. துடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இடப்பக்கம்தானே, வேறு யாராக இருக்கும்? நல்லா வேணும் என்று நினைத்தார். வாயைத் திறக்கவில்லை.

கயிறு கட்டிய புல்வெளியைச் சுற்றி இருநூறு பேர் நின்றார்கள். ரதிதேவி மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாள்.

"என்னப்பா, வேற ஆரோ ஏறியிருக்கு?"

"பேசாமல் இரும். பாரும்," என்றார்.

வண்டி மெதுவாகப் புறப்பட்டது. கைதட்டினார்கள். முதல் திருப்பத்தில் ஆணி தெறித்தது. இடப்பக்கச் சங்கிலி பாய் மாதிரிப் புல்லில் விரிய, வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று நின்றது. யாருக்கும் அடி இல்லை. பிரதாபனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கிரெக் குனிந்து கண்ணியைத் துணியால் துடைத்தார். மஞ்சள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன மாதம் அந்தச் சனிக்கிழமை, வெற்றியின் இடப்பக்கச் சங்கிலியில் ஒரு கண்ணி இறுக்கமாக இருக்கிறது என்று இவர்தான் ஆணியை அடித்து இறக்கிப் புள்ளியும் வைத்தார். கம்பியைக் கையில் எடுத்தபோதுதான் ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

கிரெக் நிமிர்ந்தார். சுத்தியலை எடுத்துப் பிரதாபனிடம் நீட்டினார்.

"என் தப்புதாண்ணா," என்றான் வெற்றி. "எடுக்கறதுக்கு முன்னாடி ஓட்டுறவன் ஒரு சுத்து பாத்திருக்கணும்."

இதுவும் வயிற்றை எரித்தது. பழியைக்கூட இவன் எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறான்.

சங்கிலியை மாட்டி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. கூட்டம் கலைந்துவிட்டது. கம்பியை முறுக்கிவிட்டு எழுந்தபோது வெற்றி வண்டியைக் காட்டினான்.

"ஷெட்டு வரைக்கும் நீங்க ஓட்டுங்கண்ணா. அண்ணி இன்னும் அங்கதான் உக்காந்திருக்காங்க."

மூன்று வருட ஆசை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஏறினால் ஏறலாம். பிரதாபன் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"காலமையே கண்டனான்," என்றார்.

"எதை?"

"கம்பி இல்லாததை. உம்மட பிழை எண்டு நினைச்சு, பேசாமல் இருந்திட்டன்."

வெற்றி அவரையே பார்த்தான். முகத்தில் அந்த இளிப்பு இல்லை. பிறகு தானே ஏறி உட்கார்ந்தான்.

"அப்ப நீங்க பக்கத்துலயே நடந்து வாங்க. ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே வாங்க."

இந்த முறையும் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பிரதாபனுக்கு அது நன்றாகவே கேட்டது. ரதிதேவி பார்த்துக்கொண்டிருக்க, சங்கிலியிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டியோடு நடந்தார்.