உடைசல் கூடை

ஒரு கை தைத்து மறு கை தைக்காத வெள்ளைக் கவுனைத் தையல் மெஷினிலிருந்து உருவிப் பையில் போட்டுக்கொண்டார் தபாலாபீஸ் ஓவர்சியர். "சாட்சிப்பொருள்மா, நான் என்ன செய்ய?" என்றார். மகள் நோராவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள்; கவுன் அதற்குத்தான். ஃப்ளோரா கவுனைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். பார்சல் தபால்காரன் காஸ்பர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"கடைல வாங்கினேன்னியே."

"ரேஷன்ல கூப்பன் துணி எங்க கெடைக்குது? பார்சல் கிழிஞ்சு கெடந்திச்சு. புள்ளைக்கு ஆசப்பட்டுட்டேன்."

செய்தது திருட்டுதான். ஃப்ளோரா அதை மழுப்பவில்லை. ஓவர்சியர் தலை மறைந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். ஆனால் விஷயம் போலீசுக்குப் போனால் ஜெயில், வேலையும் போய்விடும். இலாகாவுக்குள்ளேயே அபராதத்தோடு முடித்துவிடுவது போஸ்ட்மாஸ்டர் வேதாந்தத்தின் கையில் இருந்தது. மறுநாள் காலையிலேயே சாந்தோமிலிருந்து லஸ்ஸுக்கு நடந்தாள்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டு முன்வாசல் அவளைப் போன்றவர்களுக்கு இல்லையாம். கொல்லைப்பக்கம் சுற்றி வரச் சொல்லி மாட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். மாடாவது நிழலில் நின்றது.

வேதாந்தம் தாழ்வாரத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. தர்ம நியாயம் பேசுவதற்கு அது அவருக்கு ஒரு இடைஞ்சலாகவே இல்லை.

"அபராதம் போடுங்க ஐயா, சம்பளத்துல புடிங்க. ஜெயிலுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. பொட்டப்புள்ள கீது."

"ஊரார் நம்பி ஒப்படைக்கிற சாமான் அது. நூலை எடுத்தாலும் திருட்டு, மூட்டையை எடுத்தாலும் திருட்டு. இவனை விட்டா நாளைக்கு அத்தனை பேரும் கையை வைப்பா. ரிப்போர்ட் இன்னிக்கே போலீசுக்குப் போறது." கொட்டையை மிச்சம் வைக்காமல் சப்பிப் போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார் அந்த யோக்கியர்.

அவர் சம்சாரம் சீதாவுக்கு இளகின மனசு. "வெறுங்கையோட போகாதே. குழந்தைக்கு நாலு பழம் எடுத்துண்டு போ. ஆபீஸ்ல உடைசல்னு வந்தது. வருஷா வருஷம் உன் ஆத்துக்காரன்தானே கொண்டுவந்து வச்சுட்டுப் போவான்," என்றாள்.

வழியில் நசுங்கி அழுகிப்போன பார்சலை உடைசல் என்று எழுதித் தள்ளிவிடலாம். அழுகலைக் குப்பையில் கொட்ட ஏற்பட்ட வழி அது. மாம்பழக் காலம் வந்தால் இந்தப் பேட்டைத் தபாலாபீசில் நல்ல கூடைகளாகப் பார்த்து உடையும். தாழ்வாரத்து மூலையில் இருந்த கூடையில் ஒரு மூங்கில் பத்தைகூட விலகவில்லை. மேலே தைத்திருந்த கோணித்துணியில் விலாசம் பளிச்சென்று இருந்தது: நஸ்ருன்னிசா பீவி, மசூதி அருகில், கச்சேரி ரோடு.

ஃப்ளோரா விலாசத்தை இன்னொரு தரம் படித்தாள். என் புருஷன் திருடியது அவன் பெண்ணுக்கு. இத்தனை வருஷமாகச் சுமந்தது இவர்களுக்கா? குரலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"கூடையோட குடுங்கம்மா. தூக்கிக்கினு போவ வசதியா இருக்கும்."

அடைசல் ஒழிந்தால் போதும் என்று சீதா மிச்சமிருந்த பழத்தோடு தாராளமாகக் கொடுத்தாள்.

ஃப்ளோரா வீட்டுக்குப் போகவில்லை. நேரே கச்சேரி ரோடு. கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த நஸ்ருன்னிசா பீவிக்குக் கூடையைப் பார்த்ததும் ஒன்றும் புரியவில்லை.

"என் பையன் சேலத்துலருந்து அனுப்புனதாச்சே. அழுகிப்போச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே."

"அழுகலம்மா. பாதி போஸ்ட்மாஸ்டர் வயித்துல கீது. மீதி இதான்."

"நீ யாரு?"

"பார்சல் காஸ்பர் பெஞ்சாதி. துணி திருடினார்னு அவர் மேல கேசு. திருடினது நெசம்தான், இல்லேங்கல. பழத்த எடுத்துக்குங்க, கூடைய மட்டும் எனக்குக் குடுங்க."

"வெறுங்கூடை உனக்கு எதுக்கு?"

"கோர்ட்டுல எம் பொண்ணு கவுன வெப்பாங்க. பக்கத்துல இதயும் வெக்கணும்."

பீவி பழங்களை எடுத்து வைத்துவிட்டு, கோணித்துணியை விலாசம் தெரிகிற மாதிரி மடித்துக் கூடைக்குள் போட்டாள்.

"கூடைக்கு வாய் கெடையாது. நானும் வரேன். கேசு என்னிக்குன்னு சொல்லியனுப்பு."