கேட்காமல் தொடாதவர்கள்

அக்கா, மற்ற அம்மாக்கள் சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். நம் அம்மாவுக்கு ஒரே கேள்விதான்.

"விழுந்தா தூக்க யார் இருக்கா?"

நான் இங்கே வந்து இறங்கியதிலிருந்து இதற்குப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டே இருக்கிறேன். சிக்னல் சரியில்லை என்பேன், வேலைக்கு நேரமாகிவிட்டது என்பேன். போன வாரம் நீயும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டாய். ஒரே ஒரு ஆளையாவது காட்டு, இல்லாவிட்டால் அம்மா கிளம்பி வந்து உன்னோடு தங்கிவிடுவாள், அதுவும் முடியாவிட்டால் அண்ணன் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவான் என்றாய். அப்போது நான் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, அன்றைக்குத்தான் நான் விழுந்திருந்தேன். இப்போது சொல்கிறேன். நீ முதலில் படித்துவிட்டு, அம்மா காதில் போடக்கூடியதை மட்டும் போடு.

என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. அண்ணன் எல்லோரிடமும் "தம்பி லிஃப்ட் ஓட்டறான்" என்று சொல்லித் திரிகிறானாம். நான் ஓட்டவில்லை. ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் ஒரு பட்டனை அழுத்துவார். அந்த அழைப்பு எங்கள் ஹாலுக்கு வரும். எந்தக் கட்டடம், உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்போம். மெக்கானிக்கை அனுப்புவோம். அவர் போய்க் கதவைத் திறக்கும் வரை லைனை வைக்கக் கூடாது. அதுதான் இங்கே முதல் விதி. உள்ளே இருப்பவர் அழுவார், திட்டுவார், சிலர் ஒன்றுமே பேச மாட்டார்கள். நாம் லைனில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பேச்சு இழுத்து இழுத்து வருவதால் சிலர் சந்தேகப்படுவார்கள். ஒருத்தர் நேராகவே கேட்டார், "குடிச்சிருக்கியா?" என்று. "இல்லைங்க, பிறந்ததிலேர்ந்தே என் மூளைக்கும் நாக்குக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டார். கதவு திறக்கும் வரை தன் மாமியாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் வந்தால் அன்றைய பொழுது நன்றாகப் போகும். கதவு திறந்ததும் போய்விடுவார்கள்.

நான் சேர்வதற்கு முன்பே ஆபீஸில் ஒரு அம்மாவை வரவழைத்து எல்லோருக்கும் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிறவியிலேயே இருக்கும் இந்தச் செரிப்ரல் பால்சி என்றால் என்ன, அப்படி இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று. கேட்காமல் தொடாதீர்கள், அவர் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள், பரிதாபப்படாதீர்கள், அவருடைய முடிவு அவருடையது. சூப்பர்வைசர் முதல் நாளே இதைப் பெருமையாக என்னிடம் சொன்னார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துணிக்கடையில் நான் முழு ஆளாகப் பக்கத்தில் நிற்க, கடைக்காரர் உன்னிடம் "தம்பிக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சொல்வதற்குள் அவரே நீலம் எடுத்துப் போட்டார். மாமா ஒருமுறை என்னைச் சிமெண்ட் மூட்டை மாதிரித் தூக்கியதில் தோள் இறங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். மாமாவோ தூக்கிவிட்ட புண்ணியத்தில் ஊரெல்லாம் பெருமை பேசினார். அப்படி இருந்தவனுக்கு இந்த ஆபீஸ் சொர்க்கமாகத்தானே தெரியும்?

அவர்கள் சொன்னபடியே நடந்துகொண்டார்கள். யாரும் தொடவில்லை, முறைக்கவில்லை, என் பேச்சை இடையில் வெட்டவில்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பாடம் கேட்பது போல முடியும் வரை நிற்பார்கள். அப்படி நிற்கிறவர்களிடம் என்ன ஜோக் அடிப்பது? மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். நுழைவாசலில் என் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். 'எல்லோருக்கும் இடம் உண்டு' என்று கீழே எழுதியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் என் மேஜையில் நாலு நாற்காலி. மூன்று காலியாகவே இருக்கும்.

என் பக்கத்து சீட்டில் ஒரு அண்ணன். உயரமானவர் என்பதால் எல்லோரும் ஒட்டகம் என்பார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். ஹாலில் எல்லோரையும் டேய், வாடா, போடா என்று வாய் ஓயாமல் வம்பிழுப்பார். ஒருத்தனின் புதுச் சட்டையைப் பார்த்து "ஜன்னல் திரையைக் கழட்டிட்டு வந்துட்டியாடா?" என்பார். என் பக்கம் திரும்பியதும் குரல் மாறிவிடும். "குட் மார்னிங் சார்." என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். எனக்கு அந்தச் சட்டைக்காரன்மீது பொறாமையாக இருக்கும்.

பஸ்ஸிலும் இதே கதைதான். டிரைவர் வாசலில் சாய்வுப் பலகையை இறக்கிவிட்டு நான் ஏறும் வரை பொறுமையாக நிற்பார், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருநாள் எதிர் சீட்டில் ஒரு சின்னப் பெண் "அந்த மாமா ஏன்மா இப்படி நடக்கறாங்க?" என்று கேட்டாள். அவள் அம்மா முகமெல்லாம் சிவந்து அவள் வாயைப் பொத்தி ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். நான் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன் அக்கா. இந்த ஊரில் என்னைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அன்று நடந்தது இதுதான். இடைவேளையில் தண்ணீர் பிடிக்க ஊன்றுகோல்களோடு நாற்காலிகளுக்கு நடுவே போனேன். பின்னால் யாரோ இரும்புப் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் என் உடம்பு எப்படித் தூக்கிப் போடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊன்றுகோல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன. தாடை பூட்டிக்கொண்டது.

ஹாலே எழுந்து நின்றது. ஒட்டகம் ஓடி வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"சார், உதவி வேணுமா?"

சரியான கேள்வி. வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்குத்தான் வாய் திறக்கவில்லை. சரி, தலையையாவது ஆட்டலாம் என்று முயன்றேன். அந்த நேரத்தில் தலை என் பேச்சைக் கேட்குமா? வெடுக்கென்று பக்கவாட்டில் திரும்பியது, பிறகு மறுபக்கம் திரும்பியது.

"வேண்டாங்கறார்" என்று ஒட்டகம் மெதுவாகச் சொன்னார்.

சூப்பர்வைசர் பின்னாலிருந்து, "அவர் முடிவை மதிப்போம். எல்லாரும் உங்க இடத்துக்குப் போங்க. யாரும் பார்க்காதீங்க" என்றார்.

போய்விட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருக்கக் கூடாது என்று அத்தனை பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் தரையில் கன்னத்தை வைத்து நாற்காலிச் சக்கரங்களைப் பார்த்தபடி கிடந்தேன். அடுத்த வரிசையில் ஒரு பெண்ணுக்கு அழைப்பு வந்தது. யாரோ ஒரு அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"பயப்படாதீங்கம்மா. நான் இங்கேயேதான் இருக்கேன். கதவு திறக்கற வரைக்கும் எங்கேயும் போக மாட்டேன்."

அது எனக்குச் சொன்னது இல்லை. தெரியும். இருந்தாலும் காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு கிடந்தேன்.

உடம்பு தளர்ந்த பிறகு ஊர்ந்து போய் ஒரு நாற்காலியைப் பிடித்து நானே எழுந்தேன். சில பேர் லேசாகத் தலையசைத்தார்கள், பாராட்டுவது மாதிரி. வேலை முடிந்து அறைக்கு வந்து கெட்டிலில் பாதித் தண்ணீர் வைத்துக்கொண்டு (நிறைய வைத்தால் கை நடுங்கிக் கொட்டிவிடும்) உட்கார்ந்தபோதுதான் உன் அழைப்பு வந்தது. ஒரு ஆளைக் காட்டு என்றாய். நான் யாரைக் காட்டுவேன்?

அதற்கப்புறம் நிறைய யோசித்தேன். முதலில் அவர்கள்மீது எரிச்சல் வந்தது, பிறகு அந்த வகுப்பு எடுத்த அம்மாமீது வந்தது. கடைசியில் வேறொன்று உறைத்தது. எனக்குக் கேட்கத் தெரியாது அக்கா. சின்ன வயதிலிருந்து நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது தூக்கியிருப்பார்கள், ஊட்டியிருப்பார்கள், எனக்காகப் பேசியிருப்பார்கள். தண்ணீர் வேண்டும் என்று நான் கேட்டதே கிடையாது. டம்ளர் வந்துவிடும். இங்கே கேட்டால் செய்ய எல்லோரும் தயார். கேட்கிற பழக்கம்தான் எனக்கு இல்லை. விழுந்து கிடக்கும்போதோ கேட்கவே முடியாது. அப்படியென்றால் விழுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஒத்திகை பார்த்தாக வேண்டும்.

இதை ஒட்டகத்திடம் சொல்ல மூன்று நாள் நாக்கைத் தயார் செய்தேன். கடைசியில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் அவரை நிறுத்தினேன்.

"அண்ணா, ஒரு உதவி."

விறைத்துப் போய் நின்றார். "சொல்லுங்க சார்."

"நான் இப்போ விழப்போறேன். நீங்க தூக்கணும்."

அவர் சூப்பர்வைசர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சார், இதை எழுத்துல குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"விழறதுக்கெல்லாம் லீவ் லெட்டர் மாதிரி எழுதிக் குடுக்கணுமா?"

சிரித்துவிட்டார். என்னிடம் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கம்பளம் விரித்த கூட்ட அறைக்குப் போனோம். கதவைச் சாத்திவிட்டு அவர் ஒன்று சொன்னார். அன்றைக்கு நான் விழுந்தபோது அவர் கை தானாக நீண்டதாம். புகார் வந்து வேலைக்கு வேட்டு வைத்துவிடுமோ என்று பயந்து பின்னால் கட்டிக்கொண்டாராம். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லையாம். நான் மெல்ல உட்கார்ந்து, கம்பளத்தில் சாய்ந்தேன். உடம்புக்கு ஒத்திகை என்றெல்லாம் தெரியுமா என்ன, கால் நிஜமாகவே பின்னிக்கொண்டது.

அவர் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். இழுத்தால் இன்னும் இறுகும் என்றேன். "முதுகுல உள்ளங்கையை வெச்சுட்டு சும்மா இருங்க. அதுவா தளரும். தலை எப்படி ஆடினாலும் நம்பாதீங்க. அது வேணாம்னு சொல்லலை."

முதுகில் கை வைத்தார். பெரிய கை, சூடாக இருந்தது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் என்னைத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் சார் இப்படியே?"

"தெரியாது. ஏதாவது பேசிட்டிருங்க."

அவர் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு நாங்கள் நாள் முழுக்கச் சொல்லும் வரியே அவர் வாயில் வந்தது.

"உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஒருத்தன்தான்" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. கால் தளர்ந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடச் சொன்னேன். அதைப் பிடித்து முட்டி போட்டேன். அவர் இடுப்பில் தாங்கித் தூக்கினார்.

"டேய், பார்த்தா ஒல்லியா இருக்கே, கனக்கறியேடா" என்றார். சொன்ன மறுநொடியே முகம் செத்துவிட்டது. "சாரி சார்."

பரவாயில்லை அண்ணா, அப்படியே கூப்பிடுங்க என்றேன். தலையாட்டினார். ஆனால் மறுநாள் காலையில் மறுபடியும் "குட் மார்னிங் சார்"தான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று உனக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். சாப்பாட்டு நேரத்தில் அவர் வழக்கம்போல நண்பர்களோடு போய் உட்கார்ந்தார். தூரத்திலிருந்து எனக்குக் கையசைத்தார். ஊன்றுகோல் இரண்டையும் பிடித்துக்கொண்டு என்னால் தட்டைத் தூக்கிப்போக முடியாது. அண்ணா, என் தட்டை உங்க மேஜைக்கு எடுத்துட்டுப் போறீங்களா என்று கேட்டால் போதும். விழப்போகிறேன், தூக்குங்கள் என்று கேட்க முடிந்த எனக்கு, உங்களோடு சாப்பிடலாமா என்று கேட்க வாய் வரவில்லை. தனியாகவே சாப்பிட்டேன்.

ஆகவே அம்மாவிடம் இப்படிச் சொல். ஆபீஸில் விழுந்தால் ஒருத்தர் இருக்கிறார், தூக்கிப் பார்த்தாயிற்று, நன்றாகத் தூக்குகிறார். அறையில் விழுந்தால் இன்னும் யாரும் இல்லை. அதையும் மறைக்காமல் சொல். மாடியில் ஒரு கணவனும் மனைவியும் குடியிருக்கிறார்கள். அவர்கள் நடக்கும் சத்தம் மட்டும்தான் எனக்குப் பழக்கம், முகம் தெரியாது. இந்த விடுமுறை நாளில் அவர்கள் கீழே இறங்கும்போது நிறுத்திக் கேட்கப்போகிறேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் பிச்சை கேட்பது மாதிரியே வருகிறது. இருந்தாலும் கேட்பேன்.

அம்மா பெட்டி கட்டியிருந்தால் பிரித்து வைக்கச் சொல். வந்துவிட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கை நீண்டுவிடும். நான் மாடிக்காரர்களிடம் கேட்கவே மாட்டேன்.