நடுங்கிய கொக்கி

அலுவலகத்தில் அவனுக்குக் கொக்கி என்று பெயர். அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. 'ழு' என்ற ஒரே ஓர் எழுத்தின் கொக்கியை வைத்துக்கொண்டு பதினொரு நாள் மல்லுக்கட்டியவன் என்ற கதை பரவிவிட்ட பிறகு வேறு எந்தப் பெயர் ஒட்டும்? அவனும் அதை ஏதோ பட்டம் கொடுத்துவிட்ட மாதிரி தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிந்தான்.

பதினொரு நாள் வீண்போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கொக்கியோடு வெளிவந்த எழுத்துருவுக்கு 'அக்கா' என்று பெயர் வைத்தான். நிஜமாகவே அது அவன் அக்காவின் கையெழுத்து. டிசைன் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, வீட்டிலிருந்து அவள் எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வோர் எழுத்தாக வெட்டி எடுத்து, கணினியில் யாரும் அடிக்கக்கூடிய எழுத்தாக மாற்றினான். இன்றைக்கு 'முழு கோதுமை' என்று பிஸ்கட் பாக்கெட்டில் சிரிப்பது அந்த எழுத்துதான். குழந்தை சோப்பில் அது, பள்ளிக்கூட விளம்பரத்தில் அது. "வீட்டு மனுஷி உட்கார்ந்து எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு" என்று வாடிக்கையாளர்கள் உருகினார்கள். அதிலும் அந்த ழு! கொக்கியின் முனையில் மயிரிழை அளவுக்கு ஒரு நடுக்கம் இருந்தது. அதை உயிருள்ள கோடு என்று மேடை மேடையாகப் புகழ்ந்தார்கள். "இன்ஸ்பிரேஷன் எங்கேருந்து வருது?" என்று யார் கேட்டாலும் "எங்கக்காதான்" என்பான். கைதட்டல் அடங்கும்வரை தலையைக் குனிந்துகொள்வான். அந்தக் குனிதலையும் நன்றாகப் பழகி வைத்திருந்தான், ஆள் லேசுப்பட்டவன் இல்லை.

எழுத்துருவுக்கு இப்போது பதினைந்து வயது. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விழா, அக்காதான் சிறப்பு விருந்தினர். வாசலில் நுழைந்ததும் எதிரே இருக்கும் சுவரில், தரையிலிருந்து கூரைவரைக்கும், பழைய கடிதத்தின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி ஒட்டுவதாக ஏற்பாடு. எந்தப் பக்கம் என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. ழு இருந்த பக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை அதன் சின்னப் பிரதியை மேசையில் விரித்து வைத்திருந்தபோது புரூஃப் பார்க்கும் அம்மா வந்தார். அச்சுக்குப் போகும் எதுவும் அவர் கண்ணில் படாமல் போகக் கூடாது என்பது அலுவலகச் சட்டம். எழுத்தின் அழகு கிழகெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் இறங்குவார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பேனா முனையை வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனவர், பாதியில் நின்றார்.

"இந்தப் பொண்ணு வேலைக்குப் போச்சா சார்?"

"எந்தப் பொண்ணும்மா?"

"இதை எழுதின பொண்ணு."

"அது எங்கக்கா. வேலையா? என்ன வேலை?"

அந்த அம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "நீங்க இதைப் படிச்சதே இல்லையா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. ஒவ்வொரு எழுத்தையும் நாப்பது மடங்கு பெருசாக்கிப் பாத்திருக்கேன்."

"பாத்தீங்க சார். படிச்சீங்களா?"

சிரிக்க வாயெடுத்தான். அவர் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்.

பதினைந்து வருடம் கழித்து, முதல்முறையாக, அவன் அதைப் படித்தான்.

'ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாய். மாடியில் உட்கார்ந்து அழுதேன். வீடு கட்டுவதற்கு வரைபடம் போடும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ இருக்கும் ஊரில்தான். இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். அப்பா முடியாது என்கிறார். உன்னோடு தங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் என்னால் பேச முடியவில்லை. நீ அவரிடம் ஒரு வார்த்தை சொல். அக்கா என்னோடு இருக்கட்டும் என்று சொன்னால் போதும். நீ ஒன்றும் சொல்லாவிட்டால் உனக்கும் இஷ்டமில்லை என்று புரிந்துகொள்வேன். மறுபடி கேட்டு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

அவன் ஊர் மெச்ச வளர்த்த ழு, 'அழுதேன்' என்ற வார்த்தையின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

'ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய்' என்று அவன் கேட்டதே அவளுடைய ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொள்ள இல்லை. ஞா வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய கடிதத்தில் 'மாடி ஊஞ்சல் இன்னும் இருக்கிறதா' என்று கேட்டிருந்தான், ஊ வேண்டும் என்பதற்காக. மீனுக்குத் தூண்டில் போடுகிற மாதிரி ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்வி போட்டிருக்கிறான். அதுவரை பரீட்சை எப்போது, லீவு எப்போது என்பதைத் தவிர வேறெதையும் பேசாத தம்பி, திடீரென்று ஊஞ்சலை விசாரிக்கிறான், ஞாயிற்றுக்கிழமையை விசாரிக்கிறான். அவள் நம்பிவிட்டாள். நம்பித்தானே மனதில் கிடந்ததைக் கொட்டியிருக்கிறாள்.

அச்சகத்துக்குப் போன் போட்டு வேலையை நிறுத்தச் சொன்னான். பிறகு அக்காவின் கடிதங்களைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்து ஏழையும் எடுத்து வரிசையாகப் படித்தான். ழு இருந்தது நாலாவது. அதற்கு முந்தைய மூன்றும் நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று வாய் ஓயாமல் பேசின. அதற்கு அப்புறம் வந்த மூன்றும் ஆளுக்கு அரைப் பக்கம். 'இங்கே மழை. நான் நலம். நீ கேட்டபடி அதே கறுப்புப் பேனா, கோடு போடாத தாள்.' கல்யாணம் நிச்சயமான செய்திகூட ஒரே வரிதான். அந்த மூன்றிலிருந்தும் அவன் நாற்பத்திரண்டு எழுத்து எடுத்திருந்தான். எண்ணிக்கை மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது, சனியன்.

சுவருக்கு வேறு பக்கத்தைப் போட்டுவிடலாம். ஊஞ்சல் கடிதம் இருக்கவே இருக்கிறது. புரூஃப் அம்மா யாரிடமும் மூச்சு விட மாட்டார். அக்காவே மறந்திருக்கலாம். மத்தியானம் முழுக்க இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தான். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் பக்கத்தில் நின்றுகொண்டு 'எங்கக்காதான்' என்று தலையைக் குனிய வேண்டுமே என்று நினைத்தபோது வழக்கு தோற்றுவிட்டது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டான். பையில் அந்த நாலாவது கடிதம்.

அக்கா, மாமாவின் இரும்புச் சாமான் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தாள். மாமா சரக்கு எடுக்கப் போயிருந்தார். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். அரை அங்குல ஆணி, மர ஸ்க்ரூ, முழு மரை போல்ட், கதவுக் கீல் என்று ஒவ்வொன்றின் நெற்றியிலும் கறுப்பு மையில் அவள் எழுத்து.

"வாடா. வெள்ளிக்கிழமைதானே வரச் சொன்னே, நீ எதுக்கு இங்க வந்து நிக்கறே? புடவைகூட எடுத்து வெச்சாச்சு." கேட்டுக்கொண்டே ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். "நேத்து ஒருத்தர் வந்தார்டா, கேளு. இந்தப் பெட்டியையெல்லாம் பாத்துட்டு, 'பரவால்லம்மா, பிஸ்கட் பாக்கெட்டைப் பாத்து எழுதிப் பழகினீங்களா, அச்சு அசல் அப்படியே இருக்கு'ன்னார். நான் ஆமான்னுட்டேன். அவர்கிட்ட போய் யார் விளக்கம் சொல்றது?"

அவள் குலுங்கிச் சிரித்தாள். அவனும் சிரித்திருக்க வேண்டிய இடம்தான். பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"இது எதுக்கு இப்போ?"

"அக்கா, இதை நான் நேத்துதான் படிச்சேன்."

"மறுபடியுமா?"

"மறுபடியும் இல்லக்கா. நேத்துதான் முதல் தடவை. அப்போ எழுத்தை மட்டும் பாத்தேன். ஸ்கேன் பண்ணேன், வெட்டினேன், எடுத்துக்கிட்டேன். நீ என்ன எழுதியிருக்கேன்னு படிக்கவே இல்லை. எல்லாக் கடிதமும் அப்படித்தான். நீ வேலைக்குப் போகணும்னு கேட்டது எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பாகிட்ட…"

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு கல்லா மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, ரசீதுகளுக்குக் கீழேயிருந்து ஒரு பழைய தபால் கார்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். கோழி கிளறின மாதிரி இருந்தது. அவன் எழுத்து.

'அன்புள்ள அக்கா, கடிதம் கிடைத்தது. ரொம்ப அழகாக இருந்தது. அடுத்ததையும் இதே கறுப்புப் பேனாவில், கோடு போடாத தாளில் எழுதவும்.'

"இது வந்த அன்னிக்கு அப்பாவே கேட்டார்டா, என்ன சொல்றான் உன் தம்பின்னு. வேண்டாம்ங்கறான்னு நான்தான் சொன்னேன்." அவள் குரல் உயரவே இல்லை. "ஒரு வருஷம் உன்மேல அப்படிக் கோவம். போன்ல நீ கூப்பிட்டா பாத்ரூம்ல இருக்கேன்னு சொல்லச் சொல்லுவேன். அப்புறம் நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். பாவம், அவனே ஒரு ரூம்ல நாலு பேரோட கிடக்கான், படிப்பு வேற, என்னை எங்க வெச்சுக்குவான், அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பேனா தாளுன்னு என்னத்தையோ எழுதியிருக்கான்னு. ராத்திரி பகலா எனக்காக யோசிச்சிருப்பான், யோசிச்சு முடியாமத்தான் விட்டிருப்பான்னு நினைச்சேன்."

"யோசிக்கலக்கா."

"அதான் இப்போ சொல்லிட்டியே." அவள் தபால் கார்டைத் திருப்பி வைத்தாள். "நீ வேண்டாம்னு சொன்னதாவே இருந்திருக்கலாம்டா. அதோட நான் நல்லாத்தான் இருந்தேன்."

மன்னிச்சுடுக்கா என்று சொல்ல வந்தான். அதைக் கேட்டால் அவள் மன்னித்துவிடுவாள் என்று தெரிந்தது. அந்த வசதியையும் அவளிடமிருந்தே வாங்கிக்கொண்டு போக வெட்கமாக இருந்தது. ஒருவர் வந்து கதவுக் கீல் நாலு கேட்டார். அவள் எழுந்து எடுத்துக் கொடுத்து, பொட்டலம் கட்டி, மீதிச் சில்லறையும் சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை…" என்று அவன் ஆரம்பித்தான்.

அவள் காலிப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு துண்டு அட்டையைக் கிழித்தாள். பெட்டிகளில் பெயர் எழுதும் கறுப்புப் பேனாவை எடுத்தாள். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு வரி எழுதி, அட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள். அடுத்த ஆள் வாசலில் வந்து முழு மரை போல்ட் கேட்க, அவள் திரும்பி அந்தப் பெட்டியை இறக்கப் போனாள்.

அவன் அட்டையைப் பார்த்தான். கண் நேராகப் போய் ழு-வில்தான் விழுந்தது. பதினைந்து வருடப் பழக்கம், பாவி. கொக்கியில் நடுக்கம் இல்லை. அவள் இறக்கிக்கொண்டிருந்த பெட்டியிலும் இல்லை, சுவரிலிருந்த எந்தப் பெட்டியிலும் இல்லை. கம்பி மாதிரி உறுதியாக இருந்தது. அக்காவின் எழுத்து என்று அவன் ஊருக்கெல்லாம் விநியோகம் செய்திருந்த அந்த நடுக்கம், அந்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் சொந்தமானது.

அதற்கு அப்புறம்தான் படித்தான்.

'வெள்ளிக்கிழமை நான் வரவில்லை.
எழுத்து உன்னோடு இருக்கட்டும்.'