கொண்டைக்குள் ஒரு லென்ஸ்

சியாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க ஜப்பான்காரர்கள் காஜா பேராங் பகுதியில் வீடு வீடாக நுழையத் தொடங்கியதும், போட்டோக் கடை ஜெயபாலன் கிளேபாங் கடற்கரையில் ஒரு படகுக்காரர் வீட்டில் போய்ப் பதுங்கிக்கொண்டான். கடையில் அவன் மனைவி கோகிலாவும் நான்கு வயது சீதாவும் மட்டும் இருந்தார்கள். அப்பா சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று பிள்ளையிடம் கோகிலா சொல்லிவைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை வாயால் அது தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

அன்று காலை படகுக்காரர் அலி அக்பர் மீன்கூடையோடு வந்தார்.

"இன்னிக்குப் பொழுது சாயுறப்ப சுமத்ராவுக்குப் பொறப்படுறோம், தங்கச்சி. புள்ளையோட வந்துரு. சின்னக் கேமராவ மீனுக்கு அடியில வச்சு நான் கொண்டுபோறேன். லென்ஸுல மீன்தண்ணி படக்கூடாது, ஒண்ணே ஒண்ணு நீ கொண்டா. வழியில சோதிக்கிறான். அதுக்கு மேல மறைக்க முடியாது."

அவர் போனபின், கடையின் இரண்டு கேமராவுக்கும் பொருந்தும் மூன்று லென்ஸ்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியது, பித்தளை உடம்புக்காரி. முகத்தை மட்டும் எடுத்தால் உயிரோடு பேசும். ஜெயபாலனுக்கு அதுதான் உயிர். குட்டையானது கல்யாணக் கூட்டத்தையே அடக்கிவிடும், ஆனால் கிட்டே போனால் மூக்கைப் புடைக்கவைக்கும். நடுவில் இருந்ததை அவன் ஒருநாளும் மதித்ததில்லை. போகிற ஊரில் என்ன கிடைக்கும்? ஒரு அறையா, மரத்தடியா? யார் வருவார்கள், தனியாளா, குடும்பமா?

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

ஜப்பானிய அதிகாரி ஒருவன் இரண்டு சிப்பாய்களோடு உள்ளே வந்தான். கோகிலா எழுந்து இடுப்பு வளையக் குனிந்தாள். தன் முகத்தைத் தனியாக ஒன்று, சிப்பாய்களோடு ஒன்று எடுக்கவேண்டும் என்று உடைந்த மலாயில் சொன்னான். கை அருகில் கிடந்த நடு லென்ஸை எடுத்துக் கடையின் பெரிய கேமராவில் மாட்டினாள். 

முகப் படத்துக்குக் கேமராவை அவன் பக்கம் உருட்டிப் போனாள். மூவர் படத்துக்குப் பின்சுவரில் தன் முதுகு முட்டும்வரை அதை இழுத்து வந்தாள். மூவரும் தொப்பியோடு கேமராவின் பின்கண்ணாடிக்குள் அடங்கினார்கள். கறுப்புத் துணிக்குள் இருந்தபடியே, இந்த நடு லென்ஸையே கொண்டுபோவதென்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

துணியை விலக்கியபோது அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுவாமி மானா?" புருஷன் எங்கே என்று கேட்டான்.

செங் ஊர்ப் பக்கம் மரவள்ளி வாங்கப் போயிருக்கிறார் என்றாள். அவன் நம்பவில்லை. குனிந்து சீதாவின் தாடையைப் பிடித்து, அப்பா எங்கே என்று அதே மலாயில் கேட்டான். 

"அம்மாகூடச் சண்டை. ஓடிப்போயிட்டாரு" என்று மலாயிலேயே சொல்லி, பிள்ளை உதட்டைப் பிதுக்கியது.

அதிகாரி சிப்பாய்களைத் திரும்பிப் பார்த்தான். மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். கோகிலா பொய் சொன்னது மானத்தை மறைக்கத்தான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நாளைக் காலையில் படம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் காலையில் படம் இல்லை, கடையில் ஆளும் இல்லை என்றால் பக்கத்து வீட்டு ருக்மணியைத்தான் முதலில் இழுப்பார்கள். ருக்மணி, மலாய் பேசும் பழைய தமிழர்களான சிட்டிகளின் குடும்பத்துப் பெண், தனியாள். கோகிலா இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தகடுகளைக் கழுவினாள், விசிறியால் வீசிக் காயவைத்தாள், வெயில் இறங்குவதற்குள் படமாக்கினாள். கையெல்லாம் மருந்து நெடி.

"அக்கா, நாளைக்கு ஜப்பான்காரன் வந்தா இதக் குடுத்துருங்க. புருஷனத் தேடிப் போயிட்டாள்னு சொல்லுங்க."

ருக்மணி உறையை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.  "பெர்கி லா, போ சீக்கிரம்" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

லென்ஸைத் துணியில் சுற்றிக் கொண்டைக்குள் வைத்து, ஊசிகளை இறுக்கிக் குத்தி, முக்காடு போட்டுக்கொண்டாள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மரவள்ளி மூட்டை.

கிளேபாங் சாலையில் காவல் நின்றது. சிப்பாய்க்கு எதிரே எல்லோரும் குனிந்துதான் போகவேண்டும். கோகிலா குனிந்தாள். கொண்டை முன்பக்கம் சரிந்தது. ஒரு ஊசி கழன்று காதோரம் ஊர்ந்தது. நிமிரச் சொல்லாமல் அவன் துப்பாக்கிக் கத்தியால் மூட்டையைக் குத்திக் கிளறினான். கிழங்குகள் சாலையில் உருண்டன. தலை கனத்து, கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. முக்காட்டைச் சரிசெய்பவள்போல ஒரு கையால் உச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஜாலான்!"

போ என்கிறான். கிழங்குகளைப் பொறுக்காமல் போனால் சந்தேகம் வரும், குனிந்து பொறுக்கினால் கொண்டை தாங்காது. சீதாவைப் பொறுக்கவிட்டு, தான் மூட்டையை மட்டும் விரித்துப் பிடித்தாள்.

கரையில் படகைப் பாதி தள்ளிவிட்டிருந்தார்கள். ஜெயபாலன் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். கரை மங்கியபிறகுதான் அவள் கொண்டையை அவிழ்த்தாள்.

"இதுவா?" என்றான். "பெரிசு எங்க?"

"விட்டுட்டேன்."

"அது இல்லாம நான் எதுக்குக் கோகிலா?" அழுதுவிடுவான்போல இருந்தது. அவள் லென்ஸைத் திரும்பவும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். 

சுமத்ரா கரையோரத் தீவான பெங்காலிஸில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மீன் கிடங்கின் பின்கட்டு. அங்கே படம் எடுத்துக்கொள்ள முதலில் வந்தது ஒரு மலாய்க் குடும்பம். பிறந்த குழந்தையை ஒரு படம், பாட்டன் முதல் எல்லோரும் சேர்ந்து இன்னொரு படம். ஜெயபாலன் கேமராவுக்குப் பின்னால் நின்று முன்னும் பின்னுமாகத் தடுமாறினான். பிறகு கறுப்புத் துணியை அவளிடம் நீட்டினான்.

"எனக்கு இந்த லென்ஸ் பிடிபடல. நீயே எடு."

அவள் துணிக்குள் தலையை நுழைத்தாள். அன்றிலிருந்து பெங்காலிஸில் ஆட்கள் அந்தப் பின்கட்டைக் கோகிலாவின் கடை என்றுதான் சொன்னார்கள்.