உதுமான் பாய் கையும் ஐந்து விநாடியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கொடுத்த வாக்கை மீறுவதிலிருந்து. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று 1985இல் சபுரா அக்காவிடம் சொன்னேன். நான்கு வருஷம் தாங்கினேன். மானங்கெட்ட பிழைப்பு, இந்த எழுத்து.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

வில்லியனூர் கடைத்தெருவில் அதிர்ஷ்டத்தை நம்பி வாழ்ந்த ஒரு மனிதர்— [பொய். அவர் நம்பியது தன் கையை.]

ஒரு கிரிஸ்டல் விழித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்றால்— [பாடப்புத்தகம். ஓடிவிடுவீர்கள்.]

உதுமான் பாய்க்கு ராசியில்லை. [தேவலை. இதிலிருந்து போகலாம்.]

2

உதுமான் பாய்க்கு ராசியில்லை. ஊரே அப்படித்தான் சொல்லிற்று. அரிசிக் கடை வைத்தார், மூட்டை நனைந்து புழுத்துப்போனது. ஜவுளிக் கடை வைத்தார், எலி. "அந்த பாய் கையால போணி பண்ணா வெளங்குமா?" என்று அவர் காதில் விழவே பேசினார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வெற்றிலைத் தட்டு அவரைத் தாண்டிப் போனதை நானே பார்த்தேன். (பார்க்கவில்லை. பாயின் மனைவி சபுரா அக்கா சொன்னது. ஆனால் கேட்டதிலிருந்து பார்த்த மாதிரியே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.)

மூன்றாவதாக 1983இல் கடிகாரக் கடை. செல் போட்டு ஓடும் கடிகாரம் எங்கள் பக்கம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.

3

இப்போது நான். பண்டசோழநல்லூர்க்காரன், டிப்ளமோ. கடைக்காரர்கள் அந்தக் கடிகாரங்களுக்குள் பொருத்தி விற்கும் மெஷினைச் செய்யும் ஒரு ஷெட்டில் வேலை. எல்லாக் கடையிலிருந்தும் 'ஓடல' என்று மெஷின் திரும்பி வந்தது. எங்கள் மேஜையில் செல் போட்டு வைத்துவிட்டால் ஓடிற்று. ஒரே ஒரு கடையிலிருந்து மட்டும் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"அந்த ராசி கெட்ட பாய் கடையாப்பா?" என்றார் முதலாளி மணவாளன். "அப்படி இன்னா பண்றாரு? போய்ப் பாத்துட்டு வா."

போனேன். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து தையலம்மாள் என்றொரு அம்மா கடிகாரம் வாங்க வந்திருந்தார். பாய் செல்லைப் போட்டார். முள் அசையவில்லை.

"ஓடலியே பாய்."

பாய் கடிகாரத்தின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். பிஸ்மில்லாஹ் என்று தொடங்கி ஏதோ ஓதினார். முடித்துக் கையை எடுத்தார். டிக்.

"யப்பா! கைன்னா இது கை!" என்றார் தையலம்மாள்.

நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து விநாடி. அடுத்த கடிகாரத்துக்கும் ஐந்து. அதற்கடுத்ததுக்கு ஆறு.

அதற்குள் அந்தக் கை ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிருந்தது. கரும்பு போட்ட பலராமன், புது மோட்டாருக்கு முதல் ஸ்விட்ச் போட பாயை வண்டி கட்டி அழைத்துப்போனார். தாண்டிப் போன அதே வெற்றிலைத் தட்டு இப்போது முதலில் அவரிடம் வந்தது.

4

[அவசரக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம். ஆனால் இந்தக் கதையில் வில்லனே அவசரம்தான்.]

கடிகாரத்துக்குள் அரிசி அளவில் ஒரு கிரிஸ்டல். அது அதிர்ந்தால்தான் முள் நகரும். ஒரு செல் ஒரு வருஷம் வரவேண்டுமே என்று அதற்கு மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுத்தோம். ஆள் உட்கார்ந்த ஊஞ்சலை ஒற்றை விரலால் தள்ளுகிற மாதிரி. கிளம்பும், நேரமாகும். மற்ற கடைக்காரர்கள் மூன்று எண்ணுவதற்குள் செல்லைப் பிடுங்கி, கடிகாரத்தைத் தட்டி, திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஊஞ்சல் முதலிலிருந்து. பாய் பிடுங்கவில்லை. அவர் ஓதிக்கொண்டிருந்தார்.

5

முதல் தள்ளலை மட்டும் விரலுக்குப் பதில் முழுக் கையால் தள்ளினால்? ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கப்பாசிட்டர் சேர்த்தேன். செல் போட்டதும் கிரிஸ்டலுக்குக் கூடுதல் மின்சாரம். கப்பாசிட்டர் நிறைந்ததும் அந்த வழி தானாக மூடிக்கொள்ளும், பிறகு பழைய சொட்டு. அரை விநாடியில் ஓடிற்று! துள்ளிக் குதித்தேன் ஐயா. வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். எழுத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெருமை தாங்காமல் முதல் பெட்டியை பாயிடம் நானே தூக்கிப்போனேன். செல் போட்டார். கையைத் தூக்கினார். வைப்பதற்குள் டிக்.

"இது தானாவே ஓடுதே பாய்" என்று வாங்க வந்தவர் சிரித்தார். பாயும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத மூன்று தாள் கிழித்தேன், வரவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

6

மறுநாள் சபுரா அக்கா ஷெட்டு வாசலில் நின்றார்.

"தம்பி, எங்க கடைக்குப் பழசையே அனுப்ப முடியுமா?"

"அது லேட்டா ஓடுமேக்கா."

"தெரியும். அவரு தொழப் போனப்ப நானும் செல்லு போட்டுப் பாத்திருக்கேன். கையே வைக்கல. சும்மா ஒக்காந்திருந்தேன். ஓடிச்சு."

"பாய்கிட்ட சொல்லலியா?"

"இருவது வருசமா ராசி கெட்டவன்னு கேட்டுட்டு வூட்டுக்கு வந்து, சோத்துல கைய வச்சுக்கினு அப்படியே ஒக்காந்திருப்பாரு தம்பி. இப்பதான் வயிறு நெறைய சாப்புடுறாரு. நான் ஏன் சொல்லணும்? நீங்களும் சொல்லாதீங்க."

அன்றிலிருந்து பாய் கடைக்குப் போகும் மெஷின்களில் மட்டும், பழையபடி ஐந்து விநாடி ஆகட்டும் என்று, கப்பாசிட்டரின் ஒரு காலை நானே வெட்டினேன். நான் செய்த ஒரே உருப்படியான காரியத்தை, ஒவ்வொன்றாக.

7

போன வருஷம் முதலாளி ஷெட்டை மூடினார். நான் மெட்ராஸ் வந்துவிட்டேன். கிளம்பும்போது கால் வெட்டிய மெஷின் ஒரு பெட்டி நிறைய அக்காவிடம் கொடுத்தேன். இங்கே எல்லாக் கடிகாரமும் செல் போட்டதும் ஓடுகிறது. எனக்கு அந்தக் கடைக்காக ஏக்கமாக இருக்கிறது. புது அட்டைப்பெட்டி வாசனை, பாயின் அத்தர், முள் அசையுமா அசையாதா என்று எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த ஐந்து விநாடி. அதனால்தான் வாக்கு மீறினேன். வேறு சமாதானம் இல்லை.

முடிவு ஒன்று: பாய்க்கு எல்லாம் தெரியும், அக்காவுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார். [அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.]

முடிவு இரண்டு: பெட்டி காலியான அன்று பாய்— [மாட்டேன். எழுதமாட்டேன்.]

மூன்றாவது உங்கள் கையில். பெயரைத்தான் மாற்றியிருக்கிறேன், தெருவை மாற்றவில்லை. வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கினால் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரு கடிகாரம் கேளுங்கள். செல் போடுவார். முள் நிற்கும். கையை வைத்துக் கண்ணை மூடுவார்.

அவர்தான் பார்க்கவில்லையே என்று உதட்டை அசைத்து எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் சபுரா அக்கா நின்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.