கொய்யா மரத்துக்குக் காவல்

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த நாளிலிருந்து, நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்துக்கு என் வீட்டுக்காரர் விஜேந்திரன்தான் காவல். "பழம் இனிப்பு, தொடாத" என்பார். ஆறு மாதமாகத் தொடவில்லை. சீனி மட்டும் இறங்கவில்லை.

இன்று ஹல்துமுல்லை கிளினிக்கில் நர்ஸ் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி?"

"கொழுந்து பறிக்கிற மலையில மூணு, வீட்டுல மூணுங்க."

"சீனி?"

"ரெண்டு ரெண்டு கரண்டி. தேத்தண்ணியைக்கூட கணக்குல சேப்பாங்களா?"

"அதுதான் கெடுக்குது. சீனியை விடுங்க. ஒரு கொய்யா தாராளமா சாப்பிடலாம்."

வீடு திரும்பியதும் வீட்டுக்காரர் வழக்கம்போல் தேத்தண்ணியை நீட்டினார். வாங்கி வாசலில் கொட்டினேன். நேராகப் போய் ஒரு கொய்யாவைப் பறித்து, அவர் முன்னாலேயே கடித்தேன்.

"ஆறு மாசமா மரத்துக்குக் காவல் இருந்தீங்கல்ல? இனி அந்தச் சீனிப் போத்தலுக்கு இருங்க."